எங்களுக்கும் ஆடி வந்தது

ஆடி பிறந்ததும் அம்மா நோட்டன் பிரிட்ஜில் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னை லிந்துலையில் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆடியில் பிரித்து வைக்காவிட்டால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறந்துவிடுமாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நுவரெலியாப் பக்கம் சித்திரையிலும் ஸ்வெட்டர் போடுகிறோம். அதைவிட, பிள்ளை பிறக்க எங்களுக்குள் வழியே இல்லை என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

எனக்கு எவர் உடம்பின் மீதும் ஆசை வந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே, ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் வைத்து, கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொல்லிவிட்டேன்.

"அப்புறம் எதுக்கு என்னையக் கட்டிக்கணுங்குற?"

"சாயங்காலம் நீங்க வந்து அன்னைக்கு நடந்ததச் சொல்லணும். நான் கேக்கணும். அதுக்குத்தாங்க."

சில நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான அம்மாவின் லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பேன். மழையோடு பனி இறங்கி எதிர் லயம் மறைந்துவிடும், பேச்சு மட்டும் கேட்கும். அரைத் தூக்கத்தில் அது அவர் குரலாகிவிடும். தான் வேலை பார்க்கும் ரிப்பேர் கடையில் அன்று யார் வந்தார், எந்த வண்டி மக்கர் பண்ணியது என்று சொல்லிக்கொண்டே போவார். நான் 'ம்' கொட்டியதும் உண்டு.

விழித்தால் பயம். போனில் "சாப்பிட்டியா?" என்பதோடு வைத்துவிடுகிறார். தனியாக இருக்கும் மனுஷனுக்கு நான் கொடுக்காததுதானே நினைவுக்கு வரும்? மனம் மாறினால் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரே வந்து நின்றார், தொப்பலாக நனைந்து. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா விடுவாரா?

"மாப்ளைக்கு ஆடி முடியிற வரைக்கும் பொறுக்கலையாக்கும்!"

அம்மா அவரை வாசலிலேயே நிறுத்தி, தேத்தண்ணி கொடுத்தார். அவர் என்னைப் பார்த்துத் தொடங்கினார்.

"ரிப்பேருக்கு வந்த ஆட்டோவுல, பின் சீட்டுக்கடியில ஒரு கோழி முட்டை போட்டுருச்சு. வண்டி என்னுது, முட்டையும் என்னுதுங்குறாரு ஆட்டோக்காரரு. கோழிக்காரம்மா விட்டாத்தானே!"

"இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"போன்ல சொல்லிப் பாக்கலாம்னு நெனச்சேன். நீ சிரிக்கிறதப் பாக்க முடியாதே. கடையில எல்லாருகிட்டயும் சொன்னேன். ஒங்கிட்ட சொன்னாத்தான் நடந்த மாதிரி இருக்கு."

சிரிக்க வேண்டிய நான் அழுதேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "அழாதடி, ஆடி முடிஞ்சதும் ஒம் புருசங்கூடப் போயிரலாம்" என்றார். அம்மா நினைத்த காரணம் வேறு. ஆனாலும் எனக்கு வேண்டியிருந்தது அந்த ஆறுதல்தான்.