பட்டியின் அகலம்

என் ஒரே மகள் இருபதாம் வயதில் சிறுநீரகங்கள் செயலிழந்து இறந்தாள். அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது நான் ஒரு விவாதத்தில் வென்றேன். அதைப் பற்றி இதுவரை எவரிடமும் கூறியதில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு அண்மையில் ஒரு கல்லூரியில் நான் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தேன். மகள் மிகப் பருத்த பிள்ளை. ஊரார் அதைச் செழிப்பு என்றார்கள்; மனைவியும் அப்படியே நம்பினாள். நானோ, யாரோ அவளுக்கு இரகசியமாகத் தின்னக் கொடுக்கிறார்கள் என்று ஐயுற்றேன். பாடசாலை வாயிலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய் விற்பார்கள். அவள் வீடு திரும்பியதும் நகக்கண்களில் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன்.

“பொலிஸ்காரர் மாதிரிப் பிள்ளையின்ர கையைப் பாக்கிறியள்,” என்பாள் மனைவி. “வளருற பிள்ளை, சாப்பிடட்டும் விடுங்கோ.”

ஒருநாள் பேருந்து நடத்துனர், “பிள்ளைக்கு அரை ரிக்கட்டோ, மாஸ்டர்? உவவுக்கு ரெண்டு முழு ரிக்கட்டெல்லோ எடுக்க வேணும்!” என்றார். பேருந்து முழுவதும் சிரித்தது. மகளும் சிரித்தாள், என் முகத்தைப் பார்த்தபடி.

தலையிடிக்கிறது என்று அவள் முறையிடத் தொடங்கியபோது, கணக்குப் பாடத்துக்கு அஞ்சிச் சொல்லும் சாக்கென்றே எண்ணினேன். மனைவி வற்புறுத்தியதால்தான் அரசாங்க மருந்தகத்துக்கு அழைத்துச்சென்றேன். அங்கிருந்தவர் மருத்துவப் பட்டம் பெறாமலே மருத்துவம் பார்க்கும் அப்போதிக்கரி. அவரை நான் சந்தேகிக்க அந்த ஒன்றே போதுமானதாயிருந்தது.

இரத்த அழுத்தம் அளக்கும் துணிப்பட்டி மகளின் கையைச் சுற்றி எட்டவில்லை. “முனையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ, மாஸ்டர்,” என்றார். நான் அழுத்திப் பிடித்தேன். அவர் காற்றை ஏற்றி, பாதரசம் இறங்குவதைப் பார்த்தார். மறுபடியும் ஏற்றினார்.

“பத்து வயசுக்கு இது நல்லாக் கூட, மாஸ்டர்.”

“பட்டி ஒடுக்கம், கை பெரிசு. ஒடுக்கமான பட்டி உள்ளதை விடக் கூட்டித்தான் காட்டும்.”

அவர் சற்று யோசித்தார். “ஓம், அது சரிதான். பெரியாஸ்பத்திரியில அகலப் பட்டி இருக்கு. வியாழக்கிழமை எடுப்பிச்சு வைக்கிறன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. சலத்தையும் ஒருக்காச் சோதிச்சுப் பாப்பம்.”

நான் சொன்னது பொய்யல்ல. பட்டி சிறிதானால் அளவு கூடும். எவ்வளவு கூடும் என்பது எனக்குத் தெரியாது. அறிய முயலவும் இல்லை. ‘அது சரிதான்’ என்ற சொற்களுக்கு அப்பால் அவர் கூறிய அகலப் பட்டி, சிறுநீர்ச் சோதனை எதுவும் என்னுள் இறங்கவில்லை. அளவீட்டில் ஐயம் தோன்றினால் மீண்டும் அளக்கவேண்டும் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொன்னவன், அந்த வியாழக்கிழமை மகளை வழக்கம்போலப் பாடசாலைக்கு அனுப்பினேன்.

“பட்டி என்ர கைக்குக் காணாதோ, அப்பா?” என்று மருந்தகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் அவள் கேட்டிருந்தாள்.

“ஓம், காணாது. உமக்கு ஒண்டுமில்லை,” என்றேன். வீட்டில் மனைவியிடமும் ஒன்றுமில்லை என்றே சொன்னேன்.

அதன்பின் ஒன்பது ஆண்டுகள் மாங்காயைச் சந்தேகித்தேன். கருவாட்டுப் பொரியலையும், அலுமாரியில் குறைந்திருக்கும் பிஸ்கட்டையும் சந்தேகித்தேன். காலையில் அவளுடைய இமைகள் வீங்கியிருந்தால் அதற்கும் அவள் வாயையே குற்றஞ்சாட்டினேன். நான் வென்ற விவாதத்தை மட்டும் சந்தேகிக்கவில்லை.

பத்தொன்பதாம் வயதில் ஓயாத வாந்தியும் மூச்சிரைப்பும் கண்டு, அவளைக் கொழும்புக்குக் கொண்டுசென்றோம். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்றார் வைத்தியர். நெடுங்காலம் உயர்ந்திருந்த அழுத்தம் அவற்றைக் கெடுத்ததா, அவை கெட்டதால் அழுத்தம் உயர்ந்ததா என்று இனிப் பிரித்தறிய இயலாது என்றார். சிறுவயதுப் பருமனின் பங்கையும் அவ்வாறே.

“சின்ன வயதில் எப்போதாவது பிரஷர் பார்த்தீர்களா?”

“ஒருமுறை,” என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

நோயில் அவள் வெகுவாக மெலிந்திருந்தாள். தாதி கொண்டுவந்தது சாதாரணப் பட்டிதான். அது கையை முழுவதும் சுற்றிய பின்னும் நான்கு விரற்கிடை மிஞ்சியது. மகள் என் பக்கம் திரும்பினாள்.

“இப்ப பட்டி காணும்தானே, அப்பா?”

“ஓம் பிள்ளை, காணும்.”

தாதி எண்ணை வாசித்தார். அன்று அப்போதிக்கரி கண்டதைவிட அது பெரிது. பிடிப்பதற்கு முனை எதுவும் இல்லாததால், கைகளை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தேன்.