அண்ணன் கையால் கோடி

ராதா யாரையும் 'அவன்' என்று சொல்ல மாட்டாள். காய்கறி வண்டிக்காரர், குப்பை லாரி டிரைவர், கார்மெண்ட்ஸில் அவளை நாள் முழுக்க விரட்டும் சூப்பர்வைசர் எல்லோரும் அவளுக்கு 'அவரு'தான். பெங்களூர் நீலசந்திராவில் பிறந்து வளர்ந்த வாய் அது. சண்டை என்று வந்தால் தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் வெளுத்து வாங்கும். ஆனாலும் சண்டையைக்கூட 'இன்னாங்க' என்றுதான் ஆரம்பிப்பாள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு ஆளை மட்டும் இரண்டு வருஷமாக அவன், அவன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் அவள் தொகுதியின் எம்.எல்.ஏ.

எந்தத் தொகுதி என்று கேட்கக் கூடாது. சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். ராஜகால்வாய் ஓரத்தில் ஒரு காலனி என்று வைத்துக்கொள்ளுங்கள், பெங்களூரில் அதற்கா பஞ்சம்! பெயரில்தான் ராஜா, ஓடுவதெல்லாம் ஊர்ச் சாக்கடை. ராதா கல்யாணமாகி வந்து சேர்ந்த இடம் அது. மழை வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வரும். தடுப்புச் சுவர் கட்டித் தருகிறேன் என்று எம்.எல்.ஏ. தேர்தலுக்குத் தேர்தல் வந்து பூமி பூஜை போட்டார். தேங்காய் உடைந்தது, சுவர் எழும்பவில்லை. கடைசிப் பூஜைக்குப் பிறகு மட்டும் ஒரு வேலை நடந்தது. தெரு மோரியின், அதாவது சாக்கடையின், மேல் மூடியிருந்த கல் பலகைகளை கான்ட்ராக்டரின் ஆட்கள் பெயர்த்து ஓரமாகச் சாய்த்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து மூட ஒரு நாதியில்லை.

ராதாவின் புருஷன் சீனு ஆட்டோ ஓட்டினான். ஐப்பசி மாதம் ஒரு சாயங்காலம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர். ஆட்டோவை மேட்டுக்குத் தள்ளிவிட்டு வருகிறேன் என்று இறங்கினான். ராதா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவின் பின்னால் கையை வைத்துத் தள்ளிய மனுஷன் ஒரு அடி பக்கவாட்டில் வைத்தான். அப்புறம் ஆட்டோ மட்டும்தான் இருந்தது. மறுநாள் கீழ்ப்பக்கத்துப் பாலத்தில் சிக்கிக் கிடந்தவனைத்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

காரியத்தன்று இன்னொரு இடி விழுந்தது. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும், கூடப் பிறந்தவன் கொண்டுவந்து போட வேண்டும். ராதாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. சித்தப்பா மகன் வருகிறேன் என்றான், வரவில்லை. கடைசியில் சீனுவின் அத்தையே தன் பையிலிருந்து ஒரு புடவையை எடுத்துப் போட்டு ஒப்பேற்றினாள். சுற்றியிருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அந்த உச்சு ராதாவின் காதில் வெகுநாள் இருந்தது.

ஆனால் அவள் வயிற்றில் நெருப்பு வைத்தது அதெல்லாம் இல்லை. அன்றைக்கே எம்.எல்.ஏ. வந்தார். வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, பக்கத்தில் டிவி மைக். திறந்து கிடந்த மோரியைப் பற்றி யாரோ கேட்டார்கள். எம்.எல்.ஏ. மூக்கைச் சுருக்கிக்கொண்டு கன்னடத்தில் சொன்னார்: “அவனு குடிது பித்திதானெ.” அவன் குடித்துவிட்டு விழுந்திருக்கிறான். அவ்வளவுதான். வண்டியேறிப் போய்விட்டார்.

சீனு பீடிகூட ஊதாதவன். வயிற்றுப் புண்ணுக்குப் பயந்து காரம் போட்ட சாம்பாரையே ஒதுக்கியவன். அவனைக் குடிகாரன் என்று ஊரே பார்க்கச் சொல்லியாயிற்று. கார்மெண்ட்ஸில் பக்கத்து மெஷின்காரி, “ஏங்க்கா, ரொம்பக் குடிப்பாரா?” என்று பரிதாபமாகக் கேட்டாள். மகள் இளவேனிலுக்குப் பேசி வைத்திருந்த வரன், தகப்பன் சங்கதியைக் கேள்விப்பட்டுப் பின்வாங்கியது. அந்த வீட்டுக்காரர்கள் ஒன்றும் மோசமாகப் பேசவில்லை, போனை எடுக்காமல் விட்டார்கள். இளவேனில் அழவில்லை. அம்மாவைப் பார்த்து, “நீ பாத்துட்டு சும்மா இருக்கியா?” என்று மட்டும் கேட்டாள்.

சும்மா இருப்பாளா ராதா! அடுத்த தடவை எம்.எல்.ஏ. கார் காலனிக்குள் வந்தபோது செருப்பைக் கழற்றி வீசினாள். கண்ணாடியில் பட்டு விழுந்தது. போலீஸ் இழுத்துப் போனது. ராத்திரிக்குள் எம்.எல்.ஏ.வே ஸ்டேஷனுக்கு வந்து, பாவம், துக்கத்தில் செய்துவிட்டாள், என் தங்கச்சி மாதிரி, கேஸ் வேண்டாம் என்று சொல்லி போட்டோ எடுத்துக்கொண்டார். அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. மறுநாள் பேப்பரில் அவர் பெரிய மனுஷன், இவள் வெறி பிடித்தவள். ராதா அந்தப் பேப்பரைக் கிழித்து அடுப்பில் போட்டாள், பால் பொங்கி அதை அணைத்தது, அதற்கும் சேர்த்து அவனைத் திட்டினாள்.

அடுத்த மழையில் தண்ணீர் மேட்டுப் பக்கத்து அபார்ட்மெண்ட் பார்க்கிங்குக்குள்ளும் புகுந்தது. அப்புறம்தான் போராட்டக் குழு என்று ஒன்று பிறந்தது. கார் நனைந்தால் குழு வரும், மனுஷன் செத்தால் வராது. குழுவுக்குத் தலைவர் கஸ்தூரிரங்கன். விதான சௌதாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மூன்று தலைமுறையாக இந்த ஊர். நல்ல மனுஷன், அதைச் சொல்லத்தான் வேண்டும். காலனி ஜனங்களை மாடிக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தவர் அவர் ஒருத்தர்தான்.

ஆனால் அவர் போட்ட முதல் சட்டமே ராதாவின் நெஞ்சில் குத்தியது. கோஷத்தில் 'ஒழிக' கூடாது. 'நீ', 'அவன்' கூடாது. கொடும்பாவி, துடைப்பம், செருப்பு எதுவும் கூடாது. மாண்புமிகு என்றுதான் மனுவைத் தொடங்க வேண்டும். ராதா எழுந்து நின்றாள்.

“செத்தவருக்கு ஒரு 'அவரு' குடுக்காத வாய்க்கு நான் எதுக்கு சார் மரியாதை குடுக்கணும்?”

“பதவிக்குத்தாம்மா மரியாதை, ஆளுக்கு இல்ல.”

“என் புருஷன் விழுந்த மோரில பதவி விழல சார்.”

கஸ்தூரிரங்கன் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “செருப்பு வீசினியே, யாருக்கு லாபம்? அவர் மன்னிச்சார், போட்டோ வந்தது. நீ திட்டத் திட்ட அவர் மேல ஏறிண்டே போவார்மா.”

ராதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு எரிந்திருக்காது. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தாள். சரி, மரியாதைதானே, கொடுப்போம், தாங்குகிறானா பார்ப்போம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கௌரி பண்டிகை வந்தது. கன்னட வீடுகளில் அன்று சுமங்கலிகளுக்குப் பாகின கொடுப்பார்கள். ஒரு முறத்தில் வளையல், மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி எல்லாம் வைத்து இன்னொரு முறத்தால் மூடிக் கொடுப்பது. பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தங்கைக்குத் தரும் சீர் அது. எம்.எல்.ஏ. இதை ஓட்டு வியாபாரமாக்கி வருஷா வருஷம் கல்யாண மண்டபம் பிடித்து நூற்றுக்கணக்கான பெண்களுக்குத் தன் கையால் பாகின கொடுப்பார். தொகுதியில் பாதிக்கு மேல் தமிழ்ப் பெண்கள் என்பதால், தெரிந்த அரைகுறைத் தமிழில் 'நான் உங்க அண்ணா' என்று மைக்கில் முழங்குவார். அந்த மேடையிலேயே மனுவை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார். கோஷம் இல்லை, கறுப்புக் கொடி இல்லை, மரியாதையான ஜனங்கள், போட்டோவுக்கு நன்றாக இருக்கும். அவருக்கென்ன வலிக்கிறது?

நானும் வருகிறேன் என்றாள் ராதா. கஸ்தூரிரங்கன் சந்தேகமாகப் பார்த்தார். ஒரு வார்த்தை மரியாதை தவற மாட்டேன், இளவேனில் மேல் சத்தியம் என்றாள். அவர் நிம்மதியாகத் தலையாட்டினார். பாவம் மனுஷன்.

மண்டபத்து வாசலில் கட்சிப் பட்டை போட்ட ஒரு பெண் ராதாவின் நெற்றியைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி மறித்தாள். முத்தைதேயருக்கு மட்டும் அம்மா, அதாவது சுமங்கலிகளுக்கு மட்டும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மனு கொடுக்க வந்தவர் என்று கஸ்தூரிரங்கன் சொன்ன பிறகும், முறங்கள் அடுக்கியிருந்த முன்வாசல் வழியாக விடவில்லை. பக்கத்துக் கதவு வழியாகக் கூட்டிப்போனாள். என் தாலியை வாங்கினவனும் அவனே, தாலி இல்லாதவள் வராதே என்பவனும் அவனேயா? ராதா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

மண்டபம் நிறையப் பெண்கள், பட்டுப்புடவையும் பூவுமாக. பாதிப் பேர் மடியில் முறம் வந்துவிட்டது, மீதிப் பேர் வரிசையில் நின்றார்கள். எம்.எல்.ஏ. மனுவை வாங்கிப் புரட்டினார். சுவருக்கு இத்தனை கோடி ஆகும் என்று அதில் எழுதியிருந்தது. கேமராவுக்குச் சிரித்தார். பக்கத்தில் நின்ற ராதாவைப் பார்த்தார், யாரென்று தெரியவில்லை. தன் மேல் செருப்பை வீசியவளையே தெரியவில்லை! ஒரு ஏழைப் பெண், நல்ல படம் வரும் என்று மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

“என்னா தங்கச்சி, அண்ணா கிட்டே என்னா வேணும், கேளு.”

ராதா கைகூப்பினாள்.

“நமஸ்காரங்கண்ணா. எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லீங்க. நீங்கதான் அண்ணன்னு சொல்லியிருக்கீங்க. என் வூட்டுக்காரரு போய் ரெண்டு வருஷமாச்சு, பொறந்த வூட்டுக் கோடி எனக்கு வரல. உங்க கையால கோடி குடுங்கண்ணா.”

முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்த பெண்களின் சிரிப்பு நின்றது. மங்களகரமான இடத்தில், சுமங்கலிகள் மடியில் சீர் ஏந்தி உட்கார்ந்திருக்கும்போது கேட்கிற பேச்சா இது! அவள் கணக்குப் போட்டு வந்தது அவ்வளவுதான். ஊர்ப் பெண்கள் நடுவில் அந்த வார்த்தையைச் சொல்லி, அண்ணன் வேஷத்தைக் கிழிப்பது. அதற்கு மேல் நடந்தது அவள் கணக்கிலேயே இல்லை. எம்.எல்.ஏ.வுக்குத் தமிழ் அரைகுறைதானே. அவர் காதில் விழுந்தது பணக் கோடி. சுவருக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்தார். நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார்:

“கோடிதானே தங்கச்சி? உனக்கு மட்டும் இல்லே, இங்கே உக்காந்திருக்கிற ஒவ்வொரு தங்கச்சிக்கும் இந்த அண்ணா கையாலே கோடி வரும். இது அண்ணா வாக்கு!”

கைதட்டலுக்குக் காத்திருந்தார். ஒரு கை தட்டவில்லை.

முன்வரிசையில் வயதான அம்மாள் ஒருத்தி தாலிச் சரட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மடியிலிருந்த முறத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். அடுத்தவள் வைத்தாள். அப்புறம் வரிசை வரிசையாக முறங்கள் தரைக்குப் போயின. வாங்கக் காத்திருந்தவர்கள் திரும்பி வாசலைப் பார்க்க நடந்தார்கள். உன் வாயில மண்ணு விழ என்று எவளோ பின்னாலிருந்து சபித்தாள். கன்னடப் பெண்கள் என்ன, என்ன என்று கேட்க, தமிழ்ப் பெண்கள் சொல்லச் சொல்ல அவர்களும் எழுந்தார்கள்.

மகளிரணித் தலைவி வித்யாலட்சுமி, தமிழ்க்காரி, மேடைக்கு ஓடிவந்து எம்.எல்.ஏ. காதில் விஷயத்தைச் சொன்னாள். மனுஷன் முகம் வெளுத்தது. தப்பாயிடுச்சும்மா, தெரியலைம்மா என்று மைக்கில் கெஞ்சினார். யாரும் நிற்கவில்லை. ராதாவின் பக்கம் திரும்பி, நீ சொல்லும்மா, போக வேணாம்னு சொல்லு, உனக்கு என்ன வேணும் என்றார்.

“நான் ஆட்டோ சீனு பொண்டாட்டிங்கண்ணா. குடிச்சுட்டு வுழுந்தான்னு டிவில சொன்னீங்களே, அவரு சம்சாரம். அவரு குடிக்கலன்னு சொல்லுங்க. அவனு இல்ல, அவருன்னு சொல்லுங்க.”

எம்.எல்.ஏ. வாசலைப் பார்த்தார். கூட்டம் கரைந்துகொண்டிருந்தது. உயர்த்திப் பிடித்த போன்கள் எல்லாம் அவரையே பார்த்தன. மைக்கைப் பிடித்தார். “சீனு அவரு குடிதிரலில்லா. நானே தப்பு ஹேளிதெ.” சீனு அவர் குடித்திருக்கவில்லை, நான்தான் தப்பாகச் சொன்னேன்.

வாசலருகே போனவர்கள் நின்று திரும்பினார்கள். ராதாவுக்கு இரண்டு வருஷமாக எரிந்த வயிறு முதல் தடவையாகக் குளிர்ந்தது. ஆனால் முழுசாகக் குளிரவில்லை.

“பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலீங்கண்ணா. இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னார்.

“தமிழ்லயும் சொல்லிடுங்கண்ணா. என் பொண்ணுக்கு அனுப்பணும்.”

தமிழிலும் சொன்னார். தப்பும் தவறுமாகச் சொன்னார், ஆனால் 'அவரு' என்பது மட்டும் தெளிவாக வந்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. கஸ்தூரிரங்கனுக்கே பார்க்கச் சகிக்கவில்லை. மெதுவாக ராதாவின் பக்கம் வந்து, போதும்மா, விட்டுடு என்றார்.

ராதா கூப்பிய கையை இறக்கவேயில்லை.

“நான் மரியாதையாத்தான சார் கேக்கறேன்,” என்றாள். எம்.எல்.ஏ. பக்கம் திரும்பிப் பணிவாகக் குனிந்தாள். “இன்னும் ஒரே ஒரு தடவ, அண்ணா.”