இமையா சாமியின் வலது கால்

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. நாள் குறித்த பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். காஞ்சிபுரம் இமையா சாமி படத்தின் காலடியில் வைத்த பட்டுக் கயிறு வந்தால்தான் ஆஸ்பத்திரிப் படி ஏறுவாளாம். சாமி மீது எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. அம்மாவின் பிடிவாதத்தின் மீது நிறைய உண்டு. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை 6.40க்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினேன்.

ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர், 55 ரூபாய், இரண்டு மணி நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு ஆட்டோக்காரர் 120 கேட்டு நூறுக்கு இறங்கி வந்தார். சாமி படம் இருக்கும் மன்றத்தின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அந்தப் படத்துல இருக்கிறது சாமியே இல்லன்றாங்கமா. எங்க ஊரு கூரத்து ஆளுன்னு ஒரு குடும்பம் சொல்லிக்கினு இருக்குது."

படம் எடுத்த ஸ்டுடியோ மன்றத்துக்கு இரண்டு தெரு தள்ளி இன்னும் இருப்பதையும் அவர்தான் சொன்னார்.

மன்றம் என்பது தறிச் சத்தம் விடாமல் கேட்கும் தெருவில் ஒரு நீளமான கூடம். படம் ஆளுயரம். சாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். வலது பாதம் மட்டும் தெரிகிறது. இடது பாதத்தை ஒரு தாமரை மறைக்கிறது. வலது கட்டைவிரலில் மெல்லிய நூல். அதைப் பார்த்துத்தான் பக்தர்களும் வலது கட்டைவிரலில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற அத்தனை பேர் காலிலும் சிவப்புக் கயிறு. படம் எடுத்து முடியும்வரை சாமி இமைக்கவே இல்லை, அதனால்தான் அந்தப் பெயர் என்று கயிறு கொடுத்த பெண்மணி விளக்கினார். எனக்கு அந்தக் கண்கள் பிடிக்கவில்லை. காணிக்கை இருபது ரூபாய்.

அப்படியே திரும்பியிருக்கலாம். ஆனால் எங்கேயாவது மூக்கை நுழைக்காமல் எனக்கு ஊர் திரும்பிப் பழக்கமில்லை.

ஸ்டுடியோவில் இப்போது பாஸ்போர்ட் படமும் பிரேமும்தான். நடத்தும் பாய்க்கு அறுபது வயதிருக்கும். படத்தை எடுத்தவர் அவருடைய தாத்தா. அம்மாவின் முழங்காலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி, அது சாமியா, கூரத்துக்காரரா என்று கேட்டேன். அது தனக்கும் தெரியாது என்றார். பிறகு உள்ளே போய், துணி சுற்றிய பழைய கண்ணாடி நெகட்டிவ் ஒன்றைக் கொண்டுவந்து டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தார்.

அதே நாற்காலி, அதே ஆள். வெள்ளையெல்லாம் கறுப்பாக, கறுப்பெல்லாம் வெள்ளையாக. கண்கள் மூடியிருந்தன.

"அப்பல்லாம் மவுத்தானவங்கள, அதான் எறந்துபோனவங்கள, ஒக்கார வெச்சி எடுக்கச் சொல்லுவாங்கமா" என்றார் பாய். "பிரிண்ட்ல தாத்தா பிரஷ்ஷால கண்ணத் தெறந்து விடுவாரு. காலப் பாருங்க."

தாமரை இல்லை. இரண்டு பாதங்களும் ஒட்டியிருந்தன. அந்த நூல் இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்தது, நம் வீடுகளில் பிணத்துக்குக் கட்டுவோமே, அப்படி. கைப்பையில் இருந்த கயிறு ஞாபகம் வந்தது. மன்றத்தில் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"கட்டிக்கினு போறவங்க நிம்மதியா போறாங்கமா. அதை நான் எதுக்குக் கெடுக்கணும்?" என்று துணியைத் திரும்பச் சுற்றினார்.

போக நினைப்பவர்களுக்கு: மன்றம் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரைதான். உள்ளே போனை எடுக்க விடமாட்டார்கள். ஸ்டுடியோவின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பாயைத் தொந்தரவு செய்யாதீர்கள். கயிறு வாங்கினால், வாங்கியதோடு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

நான் 1.15 பஸ்ஸில் திரும்பினேன். கயிற்றை ஜன்னல் வழியே எறிந்துவிடலாமா என்று வழியெல்லாம் யோசனை. உண்மையைச் சொன்னால் அம்மா ஆபரேஷனுக்கு வரமாட்டாள். சொல்லாவிட்டால் அதை என் கையாலேயே கட்ட வேண்டும்.

அம்மா கட்டிலில் காத்திருந்தாள். கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கொடுத்தாள். சுவரில் சின்னப் படத்திலிருந்து இமையா சாமி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா படுத்தபடியே இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டினாள்.

"இடது காலைக் கொஞ்சம் தள்ளி வைம்மா" என்றேன்.