துரையின் காதை விடாத சரோஜா அத்தை

சுவா தோட்டத்துப் பெருமக்களுக்கு மிகுந்த பணிவுடன் அறிவிப்பது: இனி நம் லயத்தில் யார் வீட்டு மல்லிகையை ஆடு மேய்ந்தாலும், திட்டு வாங்க ஆள் இல்லை. லோபாக் டவுன் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஆடு வளர்த்த சரோஜா அத்தை போய்விட்டார். ரொட்டி அப்படியே ஆறிப்போனது.

அவருடைய கிடா துரையை மறந்திருக்க மாட்டீர்கள். கண்காட்சியில் பரிசு வாங்கியது. நடையும் வெள்ளைக்கார மேனேஜர் நடைதான். அது செத்த அன்று, புதைப்பதற்குமுன் காது நுனியை வெட்டி, ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தார் அத்தை. பாதுகாத்த திசுவிலிருந்து அதே விலங்கை அச்சு அசலாக உருவாக்குகிறார்கள் என்று கைப்பேசியில் பார்த்திருந்தார். குளோனிங். நான் ‘குளிரோனிங்’ என்றேன். நீங்கள் பைத்தியம் என்றீர்கள்.

“செத்த ஆட்டக் கொழம்பு வெப்பாங்க சரோஜா, பொட்டியில வெச்சுக் காப்பாத்துவாங்களா?” என்று கேட்டார் மளிகைக்கடை மாமா.

“உங்க மவனுக்கு உங்க மூக்கு எப்படி வந்துச்சு, பசார்ல வாங்குனீங்களா? சிரிங்க லா. தொர திரும்பி வந்து முட்டுறப்ப எந்தப் பக்கம் ஓடுறதுன்னு இப்பவே யோசிச்சு வைங்க.”

மாமா தன் மூக்கைத் தடவிக்கொண்டே தராசுப் பக்கம் திரும்பினார்.

பிறகு புரட்டாசி வந்தது. மருமகள் தேவி அக்கா ஃப்ரீசரைக் கழுவி, டப்பாவை வெளியே வைத்துவிட்டார். “காதும் கவுச்சிதானே அத்த!” அத்தை வாதாடவில்லை. டப்பாவோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“சேவியரு, வேதக்கார வீட்டு ஃப்ரீசருக்கு ஏதுடா புரட்டாசி? ஒரு மாசம் பார்த்துக்க. உருகுச்சுன்னா தொர ரெண்டாந்தரம் செத்துரும்.”

ஊரே காது கொடுக்காதபோது, என்னிடம் காதையே கொடுத்தார்.

இப்போது டப்பாவை வீசிவிடலாம் என்று பேச்சு. கூடாது. செத்தது செத்ததுதான் என்று எல்லாரும் சொன்னபோது, ‘யாரு சொன்னா?’ என்று கேட்ட ஒரே ஆள் அவர். ஆய்வுக்கூடத்துக்கு வழி கிடைக்கவில்லை, உண்மை. அதனால் நடக்காது என்று ஆகிவிடுமா? அந்த ‘யாரு சொன்னா?’வை நான் எடுத்துக்கொள்கிறேன். டப்பாவையும் கொடுங்கள்.

ஆனால் ஒன்று. கண் இமைக்காமல் காதைக் காத்தேன் என்று உங்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன் அல்லவா? ஒரு சனிக்கிழமை ஸ்பீக்கர் போடுவதற்காக ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பச் சொருகியது ஞாயிறு பூசை முடிந்து வந்த பிறகு. காது தொளதொளவென்று தண்ணீரில் கிடந்தது. மீன் கெட்டதற்குத்தான் வீட்டில் அடி விழுந்தது. காதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மறுபடி உறையவைத்து, புரட்டாசி முடிந்ததும் டப்பாவைத் துடைத்துக் கொடுத்தேன்.

“நீ இருந்ததாலதான்டா தொர பொழைச்சிருக்கு” என்று என் கன்னத்தைத் தடவினார் அத்தை.

“பின்ன, சேவியர்னா சும்மாவா!” என்றேன்.