வாசித்துக் காட்டிய செய்தி

முத்துச்செல்வி டீச்சர் இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. பழைய ஆசிரியர்களான எங்கள் குழுவில் யாரோ "டீச்சர் இயற்கை எய்தினார்" என்று போட்டிருந்தார்கள். அதன் கீழே கூப்பிய கைகளும் எரியும் விளக்குகளும் கண்ணீர்த் துளிகளும் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. எங்கள் பள்ளிப் பத்திரிகையில் டீச்சர் முதலில் தடை செய்தது அந்தச் சொல்லைத்தான். "பாம்பு கடிச்சாலும் இயற்கை, லாரி ஏறுனாலும் இயற்கையா? எப்படிச் செத்தாகன்னு கேட்டு எழுது" என்பார். எப்படி இறந்தார் என்று குழுவில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கணித ஆசிரியர் பதிலாக ஒரு ரோஜாப்பூ அனுப்பினார்.

பாளையம்பட்டிக்கு பஸ் ஏறிப் போய் நானே விசாரித்தேன். வாடகை வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். மறுநாள் வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் பக்கத்து வீட்டார் கதவை உடைத்திருக்கிறார்கள். விழுந்ததும் உயிர் போகவில்லை, வெகுநேரம் கிடந்திருக்கிறார் என்று டாக்டர் சொன்னாராம். இதையெல்லாம் எழுத வேண்டாம் என்று உறவினர் ஒருவர் கேட்டுக்கொண்டார். டீச்சர் இதைத்தான் முதல் பத்தியிலேயே போட்டிருப்பார். நான் இரண்டாம் பத்தி வரை பொறுத்திருக்கிறேன்.

பழைய மாணவர்களான நீங்கள் நினைவு மலர் கொண்டுவருகிறீர்கள். "சார், டீச்சரைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். நல்ல வார்த்தைதான் வேண்டுமென்றால் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் கேட்டிருக்கலாம்; அங்கே எல்லாருக்கும் பொருந்தும்படி தயாராக வைத்திருப்பார்கள். நான் ஓவிய வாத்தியார். திருச்சுழிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் டீச்சர் சமூக அறிவியல் நடத்தினார். அவரும் நானும் சேர்ந்து 'கடைசி மணி' என்ற நான்கு பக்கப் பத்திரிகையை நடத்தினோம். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, கடைசி மணி அடிக்கும்போது அது வெளியாகும். பிள்ளைகள் எழுதுவார்கள், டீச்சர் அடிப்பார், நான் தலைப்புகளைக் கையால் வரைந்து டவுனுக்குக் கொண்டுபோய் ஜெராக்ஸ் போட்டு வருவேன். அடிப்பார் என்றது வரிகளைத்தான். ஆனால் வாங்கியவர்களுக்குப் பிரம்பே தேவலை என்றிருக்கும்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் "நமது பள்ளியில் விளையாட்டு விழா சிறப்பாக நடைபெற்றது" என்று எழுதி வந்தான். டீச்சர் எல்லார் முன்னிலும் அவனை நிறுத்தினார். "யாருக்குலே சிறப்பு? வெயில்ல மயங்கி விழுந்தானே ராமரு, அவனுக்கா? சேர்ல உக்காந்து மாலை வாங்குனவுகளுக்கா? நீ பாத்ததை எழுதச் சொன்னேன். மைக்ல சொன்னதை எழுதிட்டு வந்துருக்க." பையன் அழுதுவிட்டான். டீச்சர் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார், தாளையும் திருப்பிக் கொடுத்தார். மூன்று முறை எழுத வைத்த பிறகு, மயங்கி விழுந்தவனின் பெயரோடு அந்தச் செய்தி வந்தது. சிறப்பு விருந்தினர் பெயர் கடைசி வரிக்குப் போய்விட்டது. அந்தப் பையன் அதற்குப் பிறகு டீச்சரைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடப்பான். டீச்சர் அதைப் பார்த்துச் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது.

இன்னொருவனுடைய வெள்ளாடு பந்தல்குடி ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்தது. அவனையே அதைச் செய்தியாக எழுதச் சொன்னார். "டீச்சர், எனக்கு அழுகையா வருது" என்றான். "அப்ப மொதல்ல அழுதுட்டு வா, பெறகு எழுது. ரெண்டையும் ஒண்ணாச் செய்யாத" என்றார். எழுதிக் கொண்டுவந்ததும், "லாரிக்காரர் பக்கம் கேட்டியா?" என்றார். பையன் ரோட்டில் நின்று அந்த லாரியைத் தேடிப் பிடித்து, டிரைவர் சொன்னதையும் சேர்த்த பிறகே அது அச்சேறியது. கயிறு இல்லாமல் ஆட்டை ரோட்டோரம் விட்டது பையன்தான் என்பதும் அதில் வந்தது. அவனே எழுதினான், அவன் பெயரோடு.

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளும் எந்தப் பள்ளியிலும் சொல்லிக் கொடுப்பதுதான். டீச்சர் வைத்திருந்த சட்டம் வேறு. யாரைப் பற்றி எழுதினாலும், அச்சுக்குப் போகும் முன் அவர் எதிரில் நின்று அதை முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும். "மூஞ்சிக்கு நேரா வாசிக்க முடியலேன்னா அதுல பொய் இருக்கு. இல்ல, எழுதுனவன் கோழை. ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்கு வேண்டாம்" என்பார்.

இந்தச் சட்டம் பலித்ததை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். பெண்பிள்ளைகள் கழிப்பறையைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியர் மேசைக்குள் வைத்திருந்த காலம் அது. அதைப் பற்றி எழுதிய சிறுமியை டீச்சர் தலைமையாசிரியரின் அறைக்குள்ளேயே அனுப்பினார். அவர் முன்னால் நின்று அவள் வாசித்து முடித்தாள். மறுநாள் பூட்டைக் காணோம். திறந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் செய்தி வந்தது. அன்றிலிருந்து டீச்சருக்குத் தன் சட்டத்தின் மேல் அளவில்லாத நம்பிக்கை. நேரில் வாசித்தால் எவனும் திருந்துவான் என்று நினைத்தார். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

பத்திரிகையில் 'வராதவர்கள்' என்று ஒரு பகுதி உண்டு. ஒரு வாரத்துக்கு மேல் பள்ளிக்கு வராதவர் வீட்டுக்கு நிருபர் போய், ஏன் வரவில்லை என்று கேட்டு எழுத வேண்டும். ஒன்பதாம் வகுப்புக் கவிதா வரவில்லை. அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பேச்சியம்மாள் போய்ப் பார்த்து வந்தாள். கவிதாவுக்குத் தாய்மாமனோடு கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். தாத்தா கண்மூடுவதற்குள் நடத்திவிட வேண்டுமாம். அடுத்த மாதம் முகூர்த்தம். "எனக்குப் படிக்கணும், டீச்சர்ட்ட சொல்லு" என்று கவிதா அழுததையும் பேச்சி வந்து சொன்னாள்.

குழந்தைகள் உதவி எண்ணுக்கு உடனே போன் போடுங்கள் என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் மறுத்தார். "மொதல்ல அவுக பக்கம் கேப்போம் சார். கேக்காம போன் போட்டா கோள்மூட்டுன மாதிரி ஆகும். அடுத்த மாசந்தானே, நாள் இருக்கு." நான் குரலை உயர்த்தினேன். அவர் என்னைவிட உயர்த்தினார். பத்திரிகை விஷயத்தில் நான் அவரை ஜெயித்ததே கிடையாது.

பேச்சியை என் மொபெட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். கவிதாவின் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுபவர். அவருடைய அப்பா காலம் வரை கூலி வேலை. அப்போதுதான் வண்டியைக் கழுவி நிறுத்தியிருந்தார். முற்றத்தில் நின்று பேச்சி வாசித்தாள். மாணவியின் பெயரைப் போடவில்லை. வகுப்பு, வயது, மாப்பிள்ளை யார், மாணவி என்ன சொன்னாள், எல்லாம் இருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "ஒரு எடத்துலயும் பொய் இல்ல தாயி. நல்லா எழுதிருக்க" என்றார். ஆள் அனுப்பி எங்கள் இருவருக்கும் கலர் வாங்கிவரச் சொன்னார். பேச்சி குடித்துக்கொண்டிருக்கும்போது, "எப்ப வரும் ஒங்க பேப்பரு?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கெழமை, கடைசி மணிக்கு" என்றாள் பேச்சி, பெருமையாக.

"சரி தாயி, பாத்துப் போங்க."

திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சார், அவுக கோவப்படவே இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். டீச்சரும், "பாத்தீங்களா சார், கேட்டா மனுசன் எறங்கி வருவான்" என்றார்.

வியாழக்கிழமை விடிகாலை, நரிக்குடிப் பக்கத்து அம்மன் கோவில் ஒன்றில் வைத்துக் கவிதாவுக்குத் தாலி கட்டிவிட்டார்கள்.

மத்தியானம் செய்தி வந்தபோது பக்கங்களை ஒட்டி முடித்திருந்தேன். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். உதவி எண்ணுக்கு அப்போதுதான் போன் போட்டார். பிறகு வெள்ளைத்தாள் எடுத்துச் செய்தியைத் திருத்தினார். 'நடக்கவிருக்கிறது' என்பதை அடித்து 'நடந்தது' என்று எழுதினார். கீழே ஒரு வரி சேர்த்தார்: "இச்செய்தியை முன்கூட்டியே மாணவியின் வீட்டாரிடம் வாசித்துக் காட்டும்படி ஆசிரியை முத்துச்செல்வி கூறியதால் திருமணம் விரைந்து நடத்தப்பட்டது." உங்கள் பெயர் எதற்கு என்றேன். "யாருன்னு பதில் சொல்லாத செய்தி எதுக்கு சார்?" என்றார். எனக்கு அப்போது அவர் மேல் இரக்கம் வரவில்லை. பிள்ளை வாழ்க்கை போயிருக்கிறது, இவர் வாக்கியத்தைச் சரி பார்க்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. இப்போதும் அந்த எரிச்சல் முழுசாகப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை பத்திரிகை அந்த வரியோடு வந்தது. திங்கட்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். கல்யாணத்தைப் பார்த்தவர் என்று ஊரில் ஒருவர்கூட இல்லை. கவிதாவே வந்து நின்று, "எனக்கு ஒண்ணும் நடக்கல" என்றாள். ரவிக்கைக் கழுத்துக்குள் மஞ்சள் கயிறு தெரிந்தது. எழுதிக்கொண்டு போனவர்களுக்கு அது தெரியவில்லை. அதன் பிறகு ஊர்க்காரர்கள் திரண்டு பள்ளிக்கு வந்தார்கள். தலைமையாசிரியர் பத்திரிகையை நிறுத்தினார். டீச்சரை நரிக்குடிக்கும் அந்தப்பக்கம் மாற்றினார்கள். பேச்சி அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை.

அந்தத் தலைமையாசிரியர் போன வாரம் இரங்கல் கூட்டத்தில் பேசினார். "மாணவர் பத்திரிகைக்கு இந்த வட்டாரத்தில் அம்மையார்தான் முன்னோடி, அதை வளர்த்தவன் என்ற முறையில் நான் பெருமைப்படுகிறேன்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். ஐயா, வளர்த்தது இருக்கட்டும், நிறுத்தியது யார்? இந்தப் பத்தியை அவர் வீட்டுக்குப் போய் அவரிடமே வாசித்துக் காட்டிவிட்டேன். "செத்த வீட்டுல இதெல்லாம் எதுக்கு சார்?" என்றார். அவர் பக்கத்துக் கருத்து அது, போட்டுவிட்டேன்.

மாற்றலுக்குப் பிறகு டீச்சர் பத்திரிகை என்ற பேச்சையே எடுக்கவில்லை. சில வருஷம் கழித்து அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பந்தல்குடி ரோட்டில் கவிதாவும் அவள் புருஷனும் புரோட்டாக் கடை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டுப் போயிருக்கிறார். கவிதா இலை போட்டு, சால்னா ஊற்றி, "நீங்க யாருன்னு தெரியலையே" என்றிருக்கிறாள். மறந்திருக்க மாட்டாள், வருத்தத்தில் சொல்லியிருப்பாள் என்றேன். "அவ சொன்னதுதான் சார் செய்தி. வெளக்கம் நாம சேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான்: எழுதியதை, எழுதப்பட்டவர் முன்னால் வாசித்துக் காட்டும் வழக்கம். ஒரு பிள்ளையின் படிப்பைத் தின்ற வழக்கம் அது என்று தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை. ஆகவே இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு பந்தல்குடிக்குப் போனேன்.

மத்தியான வேளை, கடையில் கூட்டமில்லை. கவிதா மாவு பிசைந்துகொண்டே, "வாசிங்க சார், கை வேலை நடக்கட்டும்" என்றாள். வாசித்தேன். முற்றம் வந்தபோதும் கோவில் வந்தபோதும் கை நிற்கவில்லை. தன் பெயரைப் போடச் சொன்னாள். "ஒளிச்சு மட்டும் என்ன ஆச்சு?" என்றாள். பிறகு, "எம்மகளைப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப, இங்க பிள்ளைகளுக்குப் பேப்பரு கீப்பரு உண்டான்னு கேட்டேன். இல்லைன்னாக. அப்பறந்தான் சேத்தேன்" என்றாள்.

கிளம்பும்போது, "எப்ப வரும் இது?" என்று கேட்டாள்.

அவள் அப்பா கேட்ட அதே கேள்வி. அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "பயப்படாதீக சார். இனிமே என்ன, என்னைப் பிடிச்சுக் கல்யாணமா பண்ணி வைக்கப் போறாக?"

மலர் போடுகிற உங்கள் மனம் நோக வேண்டாம் என்று, டீச்சருக்குப் பிடிக்காத ஒரு சொல்லைக் கடைசி வரியில் வைத்திருந்தேன். வாசித்தபோது கவிதா அதைக் கவனித்திருந்தாள்.

"எல்லாம் நடந்ததுதான், ஒண்ணும் மாத்த வேண்டாம். கடைசில மட்டும் அவுக நல்லவுகன்னு எழுதிருக்கீகள்ல சார், அதை எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன்.