பந்தோடு வந்தவளுக்கு வழிவிட்டேன்

கல்லூரி பாஸ்கெட்பால் டீமில் ஆடினேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் என்னைத் தலை முதல் கால் வரை ஒருமுறை அளப்பார்கள். அளக்க அதிக நேரம் ஆகாது. ஐந்தடி இரண்டு அங்குலம். மரக்காணத்தில் படிக்கும்போது தூரத்திலிருந்து குறி பார்த்துப் போடுவதில் நான் கெட்டிக்காரி. அதை வைத்துத்தான் புதுச்சேரியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் ஹாஸ்டலும் கிடைத்தன. டீமில் இருக்கும் வரைதான் ஹாஸ்டல். எடுத்துவிட்டால் தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும், அதற்கு அப்பா ஒருநாளும் சம்மதிக்க மாட்டார். படிப்பு அதோடு சரி.

என் தலைவலி டிஃபென்ஸ். எவள் பந்தைத் தட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தாலும், கடைசி நொடியில் என் உடம்பு தானாக ஒருக்களித்துவிடும். அவள் பாட்டுக்கு உள்ளே போய்ப் போட்டுவிட்டு வருவாள். "பயப்படுறியா?" என்று கோச் மேடம் கேட்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பயமா, எனக்கா? தரை வழுக்குது மேடம், ஷூ சரியில்ல மேடம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று கேப்டன் அக்கா பின்னாலிருந்து சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள்.

அந்த அக்காவுக்குக் கடைசி வருஷம், எனக்கு முதல் வருஷம். வானூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். டீமிலேயே உயரம் அவள்தான். எதிர் டீமில் யார் உயரமோ அவளை மறித்துப் பிடிப்பது எப்போதும் அக்காவின் வேலை.

மாசி மாதம் சென்னையில் போட்டி. அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே வழிவிட்டுட்டு இருந்தேன்னா லிஸ்ட்ல உன் பேர் இருக்காதும்மா" என்று சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். "உங்க ஊரு உப்ப நான் பாத்ததே இல்லடி" என்று அக்காவும் கூடவே பஸ் ஏறிவிட்டாள்.

அம்மா உப்பளத்தில் வேலையில் இருந்தாள். தண்ணீர் கேனை அவளிடம் கொடுக்க வரப்பில் நடந்தோம். உப்பு சுமந்து வரும் பெண்கள் எதிரே வந்தால், வெறுங்கையோடு வருகிறவர்கள்தான் வழிவிட வேண்டும். பாத்தியில் கால் வைக்கக் கூடாது, உப்பு அழுக்காகிவிடும். அதனால் வரப்பின் ஓரத்தில் ஒரு காலை ஊன்றி, உடம்பை ஒருக்களித்து நின்றால் கூடைக்காரி போய்விடுவாள். லீவு நாளில் சுமந்தும் இருக்கிறேன், வழிவிட்டும் இருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

நாலாவது கூடை தாண்டிப் போனதும் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், நில்லு. இப்ப என்ன பண்ண?"

"என்னக்கா பண்ணேன்? வழிதான் விட்டேன்."

"அடிப்பாவி! அதத்தான்டி கோர்ட்லயும் பண்ற! அதே காலு, அதே சாய்வு!" அவள் வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவ உப்பா சொமந்துட்டு வர்றா? பந்துடி அது, அரக் கிலோ!"

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. பயமில்லை என்று இத்தனை நாள் கத்தியது பொய்யில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அக்கா பந்தோடு என் மேல் மோதினாள். மோதினாள் என்றால் சும்மா இல்லை, நெஞ்சில் இடித்து மல்லாக்கத் தள்ளினாள். பாதம் அகலமாக, முழங்கால் மடங்கி, கை மேலே. இரண்டாவது வாரம் அவள் விழுந்தாள். "அம்மாடி! செவுரு மாதிரி இருக்கடி" என்று தரையில் கிடந்தபடி சொன்னாள். லிஸ்டில் என் பேர் வந்தது.

அரையிறுதியில் எதிர் டீமில் ஆறடிப் பெண் ஒருத்தி. முதுகால் தள்ளித் தள்ளியே கூடைக்கடியில் போய் நிற்பவள். உயரமும் அகலமும் உண்டு. அக்காவிடம் உயரம் மட்டும்தான். எதிர் டீமில் மீதி நாலு பேரும் குட்டை, ஓட்டத்தில் சூரப்புலிகள். மேடம் கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "அந்தப் பெரியவள நீ புடி. கீழேருந்து முட்டி நிக்க ஆள் வேணும்." பிறகு அக்காவைப் பார்த்து, "மத்தவங்க பின்னாடி ஓட உன்னால முடியாதும்மா. நீ வெளிய இரு" என்றார்.

"சரிங்க மேடம்" என்று அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

மூன்று குவார்ட்டர் அந்தப் பெண்ணை நான் நகர விடவில்லை. இரண்டு முறை என் மேல் மோதி அவளுக்கே ஃபவுல் விழுந்தது. கடைசிக் குவார்ட்டரில் நாலு நிமிஷம் இருக்கும்போது இரண்டு பாயிண்ட் முன்னால் இருந்தோம். எனக்கும் நாலு ஃபவுல் ஆகிவிட்டது, இன்னொன்று என்றால் வெளியே. அப்போது அவள் முழங்கையால் என் விலாவில் ஒன்று வைத்தாள். ரெஃப்ரி பார்க்கவில்லை. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம், இரண்டு கையாலும் அவளைத் தள்ளிவிட்டேன். அதை ரெஃப்ரி பார்த்தார். அஞ்சு.

எனக்குப் பதிலாக அக்கா இறங்கினாள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தே இருந்த உடம்பு. ஆறடிக்காரி அவளை இரண்டு முறை முதுகால் தள்ளிக்கொண்டு போய் இரண்டு கூடை போட்டாள். இரண்டு பாயிண்டில் தோற்றோம். கல்லூரிக்காக அக்கா ஆடிய கடைசி ஆட்டம் அந்த நாலு நிமிஷம்தான்.

வெளியே வந்ததும் மேடம் என் தோளைத் தட்டி, "அடுத்த வருஷமும் நீ டீம்லதான். அந்தக் கோவத்த மட்டும் ஊருல விட்டுட்டு வா" என்றார். இதைக் கேட்கத்தானே ஒரு வருஷம் ஏங்கினேன். கேட்டபோது வாயெல்லாம் கசந்தது.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். மரக்காணத்தில் நான் இறங்க எழுந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"உன் மேல கோவமா இருக்குது. ரெண்டு நாள் பேச மாட்டேன். மூணாவது நாள் நானே போன் பண்றேன்."

இரண்டு நாளும் போனைக் கீழே வைக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அடித்தது. ஹலோ கூடச் சொல்லாமல் கேட்டேன்: "கோவம் போயிடுச்சாக்கா?"

"இல்லடி, போவல. பண்றேன்னு சொல்லிட்டேன்ல, அதான் பண்ணேன்." பிறகு அவளே கேட்டாள்: "வெலா இன்னும் வலிக்குதா?"

வலிக்குது என்றேன்.