ஒரே டப்பாவில் மூன்று பேர் மாத்திரை

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரத்தில் நிற்பவள். ஈரமான படுக்கை விரிப்பை இழுத்துப் பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். கண் அசந்தால் விரிப்போடு கையும் போகும். அங்கே முதலுதவி அறை என் பொறுப்பு. ஒரே வருஷத்தில் மூன்று முறை மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் முறை மேற்பார்வையாளரும் கூட வந்தார். "ரெண்டு மாசம் துண்டு மடிக்கட்டும். அப்பவும் கை நடுங்குச்சுன்னா கணக்கு முடிச்சு அனுப்பிடுவேன்," என்றார். அவள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான்.

அவளுக்குத் தைராய்டு. இரண்டு வருஷமாக மாத்திரை. ஒரு மாதம் நின்றுகொண்டே தூங்குவாள், முகம் வீங்கிவிடும். அடுத்த மாதம் நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும். டாக்டர் ஐம்பது மைக்ரோகிராமில் ஆரம்பித்து நூறாக்கினார், எழுபத்தைந்தாக இறக்கினார், நூற்று இருபத்தைந்துக்கு ஏற்றினார், மறுபடி நூறு. ரிப்போர்ட்டைப் பார்த்தாரே தவிர அவளைப் பார்க்கவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று மட்டும் கேட்பாராம். வெறும் வயிற்றில் தினமும் போடுகிறேன் என்பாளாம். அதோடு இருவருக்கும் கடமை முடிந்தது.

மருந்து பாட்டிலைக் கொண்டு வா என்றேன்.

"அது அத்தைகிட்ட இருக்கும். காலையில அவங்கதான் கையில குடுப்பாங்க."

பால் குடிக்கிற குழந்தை பார். வயது நாற்பத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். அது எல்லாமே பொதுவாக இருக்கிற வீடு. குளியலறையில் ஆறு பேருக்கு ஒரு துண்டு, ஒரு சீப்பு. அந்தச் சீப்பில் ஆறு பேர் முடியும் சுருண்டிருந்தது. நோயாளிகளின் மலம் அள்ளிய கை என்னுடையது, அதுவே அந்தச் சீப்பைத் தொடவில்லை.

மாமியார் சமையலறை அலமாரியிலிருந்து ஒரு பழைய காபித்தூள் டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சின்ன மாத்திரைகள். அடியில் ஈரம் பட்டுக் கரைந்த மாவு. பாத்திரம் கழுவிய கையைத் துடைக்காமல் உள்ளே விட்டுத் துழாவினாள்.

அந்த வீட்டில் மூன்று பேருக்குத் தைராய்டு. மாமியாருக்கு இருபத்தைந்து, இளைய மருமகளுக்கு ஐம்பது, இவளுக்கு நூறு. மாதாமாதம் மூன்று பாட்டிலையும் வாங்கிய அன்றே மாமியார் அந்த டப்பாவில் கொட்டிக் கலந்துவிடுவாள்.

"எல்லாம் ஒரே தைராய்டு மாத்திரைதானே. உனக்கு எனக்குன்னு பிரிச்சு வெச்சா அது குடும்பமா?" என்றாள்.

"ஒத்துமை சோத்துல இருக்கட்டும். இவ கைக்கு ஒரு நாள் இருபத்தஞ்சு வரும், ஒரு நாள் நூறு வரும். நீங்க சீட்டுக் குலுக்குறீங்க, டாக்டர் அதைப் பாத்து அளவு எழுதுறார்," என்றேன்.

ஓரகத்தி சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் ராத்திரியெல்லாம் படபடன்னு அடிக்குது, வாய்வுன்னு சொல்லி ஓமத்தண்ணி குடுத்தாங்க என்று முணுமுணுத்தாள். இவளுடைய கணவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. கல்லுப்பிள்ளையார்கூட அதைவிட அசைவார்.

டப்பாவைக் குப்பையில் கவிழ்த்தேன். நல்ல மாத்திரையாச்சே என்று மாமியார் பின்னாலேயே வந்தாள். பொறுக்கி எடுத்துவிடுவாள் என்று தெரியும். அதனால் அதன்மேல் தண்ணீரையும் ஊற்றினேன்.

மூன்று பேரையும் தனித்தனியாகப் புதுப் பாட்டில் வாங்கச் சொன்னேன். இவள் தன்னுடையதைச் சலவைக்கூடத்து அலமாரியில் பூட்டி வைத்தாள். காலை ஆறு மணிக்கு என் எதிரே ஒன்று விழுங்குவாள், முக்கால் மணி நேரம் கழித்துத்தான் காபி. விடுமுறைக்கு மட்டும் ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோவாள். ஆறு வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் நூறு கொஞ்சம் அதிகம் என்று தெரிந்தது. நானும் கூடப் போய் டப்பா விவகாரத்தைச் சொன்னேன். டாக்டர் முதல்முறையாகப் பேனாவைக் கீழே வைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. எண்பத்தெட்டு என்று எழுதினார்.

கெடு முடிய நான்கு நாள் இருந்தது. மேற்பார்வையாளர் அவளைக் கையை நீட்டச் சொல்லி, விரல்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். அது மெதுவாக ஆடியது.

"இன்னும் நடுங்குதே."

"கொறஞ்சிருக்கு சார். அளவு நேத்துத்தான் மாத்துனாங்க. இன்னும் ஆறு வாரம் குடுங்க."

அவளாக வாய் திறந்து ஒன்று கேட்டதை அன்றுதான் பார்த்தேன். அவர் ஒரு மாதம் கொடுத்தார். அவள் துண்டு மடிக்கப் போனாள்.